நிழல் பக்கக் கன்னம்

படத்தில் முடியாமல் இருந்தது அக்காவின் இடது கன்னம் மட்டுமே. கூந்தல் முடிந்திருந்தது. செவிலியர் சீருடையின் கழுத்துப் பட்டையும், அதில் தைத்திருந்த மருத்துவமனை முத்திரையும் முடிந்திருந்தன. மடியில் தளர்ந்து கிடந்த கைகளும், அவற்றுள் ஒன்று பிடித்திருந்த வெள்ளை ஷூவும், அந்த ஷூவின் உட்புறத்தில் குதிகால் தேய்த்துப் பழுப்பாக்கிய இடமும் முடிந்திருந்தன. கண்கள் எல்லாவற்றுக்கும் முன்பே முடிந்திருந்தன. சன்னலுக்கு எதிர்ப்பக்கமாக நிழலில் விழுந்த அந்தக் கன்னம் மட்டும், குழந்தையின் உள்ளங்கை அளவே உள்ள இடம், பிடி கொடுக்காமல் இருந்தது. படத்தை ஆண்டுக் கண்காட்சிக்கு ஒப்படைக்க வேண்டிய நாளோ அடுத்த வாரம்.

வரைந்துகொண்டிருந்த தங்கையை வீட்டில் சுரண்டி என்று அழைத்தார்கள். பெயரை வைத்தவர் அத்தான். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதையும் கழற்றினால் திரும்ப மாட்டி ஓடவிட்ட பிறகே கை கழுவுபவர். மனைவியின் தங்கை காலையெல்லாம் பூசிய வண்ணத்தை மாலையில் கத்தியால் வழித்துப் பழைய செய்தித்தாளில் துடைப்பது அவருக்கு விளங்கவில்லை.

"பூசறதுக்கு ஒரு ஆள், சுரண்டறதுக்கு ஒரு ஆள்னு வெச்சா சீக்கிரம் முடியும். ரெண்டையும் நீயே பாக்குறதாலதான் இழுக்குது" என்றார் ஒருமுறை.

சுரண்டுவதற்கு அவளிடம் காரணம் இருந்தது. கத்தி வழித்த பின்னும் துணியின் இழைகளுக்கிடையே வண்ணத்தின் சாயல் ஒன்று தங்கும். மறுநாள் வேலையை அந்தச் சாயலிலிருந்து தொடங்கலாம். சாயலின் மேல் சாயல் படிந்து வரும் ஆழத்தை நேரடியாகப் பூசி எவராலும் கொண்டுவர முடியாது. இது உண்மை. அவள் இதுவரை ஒரு படத்தைக்கூடத் தன் மனம் ஒப்ப முடித்ததில்லை என்பதும் உண்மை. ஒவ்வொரு கலவையிலும் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுவாள். விட்டால் வண்ணம் வாரக்கணக்கில் உலராது. எப்போது வேண்டுமானாலும் வழித்துவிடலாம். உலர்ந்த வண்ணம் தீர்ப்பு. ஈர வண்ணம் வாய்தா. அவள் வாய்தா வாங்கியே வளர்ந்தவள்.

ஓவியப் பள்ளியில் ஆசிரியர் அவளுடைய படங்களின் முன்னால் அதிக நேரம் நின்றதில்லை. "துணி பேசுது. கை பேசுது. மூஞ்சி மட்டும் மெழுகு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். கண்காட்சிக் குழுவும் அவள் அரைமனதோடு அனுப்பியவற்றை, வேறு சொற்களில், அதே கருத்தோடு திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு அவள் இளம் ஓவியர் பிரிவின் வயதைக் கடந்துவிடுவாள். ஓடுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், குளியலறை ஓடுகளுக்குக் கரைப்பூ வரையும் வேலையை அத்தான் பேசி வைத்திருந்தார். அதை அவர் தண்டனையாகச் சொல்லவில்லை; அன்போடு சொன்னார். ஆகவே மறுக்கவும் வழியில்லை. கண்காட்சி முடிந்ததும் சேர்வதாக ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட அன்று தனக்குள் வேறொன்றையும் முடிவுசெய்தாள்: இந்த ஒரு முகமும் மெழுகாகிவிட்டால், தொழிற்சாலைக்குப் போவது மட்டும் அல்ல, வண்ணக் குழாய்களையும் யாருக்காவது கொடுத்துவிடுவது.

படம் பிறந்தது ஒரு காலை நேரத்தில். வீட்டின் மேல்தளத்துப் பின்னறையில் துணி துவைக்கும் இயந்திரமும், அதையொட்டி அவளுடைய பட ஸ்டாண்டும் இருந்தன. துணி காயப்போட வந்தவள், இரவு வேலை முடிந்து திரும்பியிருந்த அக்காவை அங்கே கண்டாள். அக்கா ஷூவைக் கழற்ற முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஷூவைக் கழற்றிய பிறகு மற்றதற்குப் போகுமுன் தூக்கம் அவளை நிறுத்தியிருந்தது. கழற்றிய ஷூ கையில் இருந்தது. தலை சற்றே சாய்ந்திருந்தது. வடக்குச் சன்னலின் வெளிச்சம் வலப்பக்கத்தில் விழ, இடது கன்னம் நிழலில் இருந்தது. அந்த நிழலுக்குள் இன்னொரு வெளிச்சம் இருந்தது. விளக்கை உள்ளங்கையால் பொத்தினால் விரல்களின் ஓரம் சிவக்குமே, அப்படி. தங்கை ஈரத் துணிகளைத் தரையில் போட்டுவிட்டுச் சலவைத்தூள் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் கரியால் அவசரமாகக் கிறுக்கினாள். பல ஆண்டுகளில் முதன்முறையாக, எதை வரைய வேண்டும் என்று அவள் யோசிக்கவில்லை.

தனக்காக உட்காரும்படி கேட்டபோது அக்கா ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்.

"கண்ணு தொறந்திருக்கணும்."

"நான் பாத்தப்ப மூடியிருந்துச்சுக்கா."

"பொறந்ததுலேருந்து ஒரு ஃபோட்டோவுலயாவது என் கண்ணு தொறந்திருக்கா? கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாரு. மயக்க மருந்து குடுத்து உக்கார வெச்ச மாதிரி இருக்கு."

அடுத்த அறையிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "தொறந்து பாத்திருந்தா என்னைக் கட்டியிருக்க மாட்டா. விடு, நல்லதுக்குத்தான்."

சிரித்து முடித்த பிறகு அக்கா மெல்லச் சொன்னாள். "அது மட்டும் இல்லடி. அந்த மெமோ இன்னும் என் ஃபைல்ல இருக்கு. யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டுக் கண்ணை மூடிட்டு நான் எங்கயும் இருக்கக் கூடாது. படத்துலகூட."

தங்கைக்கு அது தெரியும். ஒரு விடியற்காலையில் நோயாளி ஒருவரின் நாடியை எண்ணுவதற்காக அக்கா கண்களை மூடியிருந்தாள். வாசலைக் கடந்த தலைமைச் செவிலிக்கு மூடிய கண்கள் தெரிந்தன, நாடி தெரியவில்லை. பணியில் உறங்கியதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு அக்கா நாடியைக் கண் திறந்தபடியே எண்ணப் பழகிக்கொண்டாள்.

"சரிக்கா. தொறந்தே போடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

துணியை இழுத்து ஆணியடித்து வெள்ளை பூசினாள். வெள்ளைப் பரப்பின் மேல் எந்த நிறத்தை வைத்தாலும் அது உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும்; ஆகவே முதலில் அந்த வெள்ளையைக் கொல்ல வேண்டும். மஞ்சட்காவியை டர்பன்டைனில் கரைத்துத் தேநீர்க் கறைபோல மெல்லியதாகத் தடவினாள். பிறகு கரிக்கோடு. பிறகு முகம் முழுவதற்கும் பச்சைமண் நிறத்தில் ஓர் அடிப்படம். அந்தக் கட்டத்தில் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கலர்ல வந்தா நாங்க போர்வையை மூஞ்சி மேல இழுத்து விட்டுடுவோம்."

"இதுக்கு மேல சிவப்பு வரும்போது உயிர் வந்துடும்க்கா."

"எங்ககிட்ட அந்த வசதி இல்லை" என்றாள் அக்கா.

சிவப்பு வந்தபோது உண்மையாகவே உயிர் வந்தது. இரவு வேலை முடிந்து வரும் ஒவ்வொரு காலையும் அக்கா அதே முக்காலியில், ஒரு ஷூவைக் கையில் ஏந்தி, கண்களை முயன்று திறந்து உட்கார்ந்தாள். கண்கள் முதலில் வந்தன. சத்தியத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும் என்று தங்கை நினைத்தாள். கன்னத்தில் செங்காவியும், துளி மஞ்சட்காவியும், அடியில் மிஞ்சிய பச்சையும் கலந்து அந்தப் பொத்திய விளக்கு மெல்ல மெல்ல எரியத் தொடங்கியது. ஒவ்வொரு மாலையும் அதை வழித்தாள்; ஒவ்வொரு காலையும் அது முன்னிலும் அருகில் வந்தது. இன்னும் ஓரிரு அமர்வுகள் போதும் என்று தோன்றிய நேரத்தில் விளக்கு அணைந்தது.

அன்று அக்காவின் கன்னம் மாவு பூசியதுபோல் இருந்தது. நிழல் இருந்த இடத்தில் வெளிறிய தட்டைப் பரப்பு மட்டும் இருந்தது.

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"அதை நான் கேக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"மூஞ்சி வெளுத்திருக்குக்கா."

"ராத்திரி பூரா நின்னு பாரு. நீயும் வெளுப்ப."

அதே குழாய்களிலிருந்து அதே அளவில் கலந்தாள். துணியின் மேல் வைத்ததும் கலவை செங்கல் துண்டுபோல் கிடந்தது. வழித்தாள். மீண்டும் கலந்தாள். மறுநாளும் அதுவே நடந்தது. சந்தேகங்களை ஒவ்வொன்றாக விசாரித்தாள். குழாய் புதியதன்று. டர்பன்டைன் கலங்கவில்லை. அறையில் எதுவும் இடம் மாறவில்லை. எஞ்சியிருந்தது அவளுடைய கண், அல்லது கை. இதுவரை வந்தது தற்செயலாக வந்தது, இப்போது தன் உண்மையான தரம் தெரியத் தொடங்கிவிட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பில் வியப்பில்லாததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. தூரிகையை டர்பன்டைனில் விடுவதற்குப் பதில் தேநீரில் விட்டாள். விடுமுறை நாளென்று வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அத்தான் தம்ளரை வாங்கி அப்பால் வைத்தார்.

"குடிக்கிறதுக்கு முன்னாடி பாத்தோம், அது போதும்" என்றார்.

அப்போது முக்காலிக்கு இடப்புறமிருந்த சிறு சன்னலில் இரண்டு கால்கள் இறங்கின.

அது மங்கல் கண்ணாடி பதித்த சன்னல். யாரோ எப்போதோ சட்டத்தோடு சேர்த்து வண்ணம் பூசிவிட்டதால் திறப்பதே இல்லை. ஓவியத்துக்கு வடக்கு வெளிச்சமே நிலையானது என்று பள்ளியில் கற்றவள், அறையின் வெளிச்சம் முழுவதும் பெரிய வடக்குச் சன்னலிலிருந்து வருவதாகவே எண்ணியிருந்தாள். மேற்குப் பக்கத்து இந்தச் சிறு சன்னலை அவள் கணக்கில் சேர்த்ததே இல்லை. இப்போது அதன் கண்ணாடியில் கயிற்றின் நிழலும், அதில் தொங்கும் ஒரு மனிதனின் கால்களும், ஒரு வாளியும் ஆடின.

"அத்தான், இதைத் தொறக்க முடியுமா?"

இரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் தம்மிடம் இவ்வளவு தெளிவான வேலையைக் கேட்டதில்லை என்பதுபோல் அவர் விரைந்து திருப்புளி கொண்டுவந்தார். சட்டத்தின் விளிம்பைச் சுற்றிக் கீறி, ஒரு தட்டுத் தட்டினார். சன்னல் திறந்துகொண்டது.

குறுகிய சந்துக்கு அப்பால், அவர்கள் வீட்டைவிட உயரமாக, எதிர்க் கட்டடத்தின் சுவர் நின்றது. மேலிருந்து முக்கால் பங்கு வரை புதிய வெள்ளைப் பிரைமர் அடிப்பூச்சு. அதன் கீழே, சாரக் கயிறு இன்னும் எட்டாத இடத்தில், பழைய சுவரின் ஒரு பட்டை மிச்சமிருந்தது. நாள்பட்ட மஞ்சள், அதன் மேல் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து ஆண்டுக்கணக்கில் வழிந்த துரு. பார்க்க அருவருப்பான பட்டை. காலை வெயில் வெள்ளைப் பகுதியில் விழுந்து, தெறித்து, நேராக அக்காவின் கன்னத்தில் மாவு பூசியது.

அவள் சுவரைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், மீண்டும் சுவரைப் பார்த்தாள். அந்த அட்டைப்பெட்டிக் காலையில் அவள் கண்டது அக்காவின் உயிரும் அன்று, தன் கண்ணின் கூர்மையும் அன்று. அடுத்த வீட்டுச் சுவரின் அழுக்கு.

பின்வந்த ஒரு மணி நேரம் அவர்கள் குடும்பமாகச் சேர்ந்து ஒரு சுவரைச் செய்ய முயன்றார்கள். அத்தான் மஞ்சள் படுக்கை விரிப்பைத் துடைப்பக் கம்பில் கட்டிச் சன்னலுக்கு வெளியே நீட்டினார். தங்கை அதை உயர்த்தச் சொன்னாள், தாழ்த்தச் சொன்னாள், சாய்க்கச் சொன்னாள். அக்கா கைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள்.

"கல்லீரல் டெஸ்ட் எழுதிக் குடுத்துடுவாங்க. முத்தின மஞ்சக் காமாலை."

"கை வலிக்குது, சுரண்டி" என்றார் வெளியே நீட்டிய கம்போடு அத்தான். "கீழ பாக்குறவங்க நாம யாருக்கோ சிக்னல் காட்டறோம்னு நினைக்கப் போறாங்க."

அவள் விரிப்பை உள்ளே இழுத்துப்போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

கயிற்றில் தொங்கிய சாரக்காரர் இறங்கிச் சந்தின் தரையில் உட்கார்ந்து ரோலரைப் பிழிந்துகொண்டிருந்தார். முகமெங்கும் வெள்ளைப் புள்ளிகள்.

"அண்ணா, கீழ மிச்சமிருக்கிற மஞ்சளை அப்படியே விட்டுட முடியுமா?"

"எதை?"

"அந்தப் பட்டையை."

அவர் திரும்பிப் பார்த்தார். "அது மஞ்சள் இல்லம்மா, கறை. அதைப் பாத்துப் பாத்து ஓனருக்கு ரத்தக் கொதிப்பே வந்துடுச்சு. நாளைக்கு அது முடிஞ்சா நாளன்னைக்கு மேலேருந்து நீலம். நீங்க யாரு?"

"நான் பெயிண்டர்."

"எந்த கான்ட்ராக்டர்கிட்ட?"

"அப்படி இல்லண்ணா. ஆயில் பெயிண்ட். படம் வரையறேன். அந்தச் சுவத்துலேருந்து வர்ற வெளிச்சம் எனக்கு வேணும்."

அவர் ரோலரைக் கீழே வைத்தார். குழப்பத்தோடு, ஆனால் உதவும் எண்ணத்தோடு, பக்கத்திலிருந்த தகரத்தின் மூடியை நெம்பித் திறந்தார். பளீரென்ற எலுமிச்சை நிறம். "மஞ்சள்தானே வேணும்? போன வேலையில மிஞ்சினது. எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டுச் சுவத்துலயே அடிச்சுக்குங்க."

"இது இல்லண்ணா. அதுதான் வேணும். இன்னும் ஒரு காலையாவது."

குரல் உடைந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. ஒரு கறைக்காக அழும் பெண்ணை அவர் தம் தொழிலில் அதுவரை பார்த்ததில்லை. சங்கடத்தோடு கயிற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்து முனையைக் காலையில முதல்ல எடுத்துக்குறேன். பத்து மணி டீ குடிக்கிற வரைக்கும் இந்தப் பட்டையைத் தொட மாட்டேன். அதுக்கு மேல விட்டா மேஸ்திரி எனக்கும் சேத்து ஒரு கோட் அடிச்சிடுவாரு."

வெயில் சுவரில் மேலிருந்து கீழே இறங்கும். அந்தப் பட்டையை அது எட்டுவதற்கும் சாரக்காரர் தேநீர் குடிப்பதற்கும் இடையே உள்ள நேரமே அவளுக்கு மிஞ்சியது. அந்த நேரத்தில் அக்கா முக்காலியில் இருக்க வேண்டும்.

மாலையில் அக்கா வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு முடியாதுடி. டபுள் டூட்டி. காலையிலயும் நான்தான்."

"யாருகிட்டயாவது மாத்திக்கோக்கா."

"மாத்தினா என் லீவு நாளைக் கேப்பாங்க. அவரோட ஊருக்குப் போறதா இருக்கேன்."

"அக்கா."

சீப்பு நின்றது. தங்கை பிடிவாதம் பிடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்த அக்கா கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தாள். நோயாளிகளின் உறவினர்கள் வார்டின் வாசலில் நிற்கும்போது அந்த முகத்தோடு நிற்பார்கள். கேள்வி இருக்காது, விடை தெரிந்திருக்கும், ஆனால் நகர மாட்டார்கள்.

"பாக்குறேன்" என்றாள். "வந்தா, கண்ணு தொறந்திருக்கும். அதுல மாத்தம் இல்ல."

மறுநாள் காலை அத்தான் வண்டியில் அக்காவை அழைத்துவந்து இறக்கினார். லீவு நாள் போய்விட்டது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள்.

"சன்னலோர பெட் போயிடுச்சு, விடியறப்போ" என்றாள் ஷூ நாடாவை அவிழ்த்தபடி. "சின்ன வயசு." ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "ம். வரை."

சிறு சன்னல் திறந்திருந்தது. வெயில் இன்னும் வெள்ளைப் பகுதியிலேயே இருந்தது. தங்கை கலவைகளைத் தயார் செய்து தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அக்காவின் இமைகள் இறங்கின.

"அக்கா."

"முழிச்சுத்தான் இருக்கேன்."

வெயில் பட்டையின் மேல்விளிம்பைத் தொட்டது. இமைகள் மறுபடி இறங்கின.

"அக்கா."

இம்முறை பதில் வர நேரமானது. கண்கள் திறந்தன, ஆனால் அவை எதையும் பார்க்கவில்லை. உடனே மூடிக்கொண்டன. தலை சற்றே இடப்புறம் சாய்ந்தது. வெயில் துருவின் மேல் முழுவதுமாக இறங்கியது. மூன்றாம் முறை அழைப்பதற்கு வாய் திறந்த தங்கை, அழைக்கவில்லை.

கன்னத்தில் விளக்கு எரிந்தது.

வரைந்தாள். இரண்டு தவறான தீற்றல்களைத் துணியால் துடைத்தாள். மூன்றாவது நின்றது. அதன் பக்கத்தில் நான்காவது. கன்னம் துணியின் மேல் இறங்கி, தளர்ந்து, கனத்து, ஓர் இரவு முழுவதையும் தாங்கிய தசையாகப் படிந்தது. அவள் பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

கன்னம் உயிரோடு இருந்தது. அதற்கு மேலே, நன்றாகத் திறந்திருந்த இரண்டு கண்கள் வேறொருத்தியுடையவையாக இருந்தன. புகைப்படக்காரர் சொன்னதற்காகத் திறந்து வைத்த கண்கள். பாராட்டும்படி வரைந்த கண்கள். இமை மயிர்கூடத் தனித்தனி. அவற்றைக் கையால் மறைத்தாள்: படத்தில் ஒரு பெண் ஷூவைக் கழற்றும்போது சோர்ந்து நின்றுவிட்டாள். கையை எடுத்தாள்: மெழுகு. மறைத்தாள். எடுத்தாள். ஐயத்துக்கு இடமில்லை.

அக்காவை எழுப்பினால் கன்னம் இறுகிவிடும், சத்தியம் நிற்கும். எழுப்பாவிட்டால் கண்கள் போய்விடும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று நேர்மையாகவே தேடினாள். சந்தில் தேநீர்க் கோப்பைகள் மோதும் ஒலி கேட்டது.

கத்தியை எடுத்தாள். கிராம்பு எண்ணெய் விட்ட வண்ணம் அல்லவா, இத்தனை நாளுக்குப் பிறகும் கண்கள் எதிர்ப்பில்லாமல் வந்தன. கத்தியின் விளிம்பில் அவை ஒரு பழுப்புக் கோடாக ஒட்டிக்கொண்டன. செய்தித்தாளில் துடைத்தாள். எஞ்சிய சாயலின் மேல், தூங்குகிறவளைப் பார்த்துப் பார்த்து புதிதாகக் கலந்த வண்ணத்தால் இமைகளை மெல்லியதாக மூடினாள். எண்ணெய்ப் புட்டி கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது. அதை அவள் திறக்கவில்லை. தன்னை அவளுக்குத் தெரியும். வண்ணம் ஈரமாகவே இருந்தால், ஏதாவது ஒரு மாலையில் சத்தியம் நினைவுக்கு வந்து இமைகளை வழித்துவிடுவாள்.

"டீ குடிச்சாச்சும்மா" என்று கீழிருந்து குரல் வந்தது. சற்றுப் பொறுத்து ரோலர் சுவரில் உருளத் தொடங்கியது. அக்காவின் கன்னத்திலிருந்த மஞ்சள் ஓரத்திலிருந்து கரைந்து, வெளிறி, மாவாயிற்று.

அந்தச் சத்தத்திலோ வெளிச்சத்திலோ அக்கா விழித்துக்கொண்டாள். ஒரு காலில் ஷூவும் மறுகாலில் உறையுமாக வந்து படத்தின் முன் நின்றாள்.

"மூடிட்ட."

"ஆமாக்கா."

"எழுப்பியிருக்கலாமே."

"ரெண்டு தடவை எழுப்பினேன். மூணாவது தடவை எழுப்பல."

அக்கா தலையசைத்தாள். தவறான மருந்து கொடுத்தவர் அதை மறைக்காமல் சொல்லும்போது கேட்பவர் அசைப்பதுபோன்ற அசைப்பு. "எங்க தலைமை நர்ஸ் வீடு அந்தக் கண்காட்சி ஹாலுக்கு எதிர்லதான்."

"வேணாம்னா சொல்லுக்கா. கொண்டு போகல."

"நல்லா இருக்குடி. சுரண்டறது நீ, சொல்ல வேண்டியது நானா?" குரல் உயரவில்லை. "நாளைக்கு வழிச்சுட்டு மறுபடி தொறந்துடலாம்ல? எப்பவும் செய்யறதுதானே."

"இந்தத் தடவை எண்ணெய் விடல. காஞ்சிடும்."

அக்கா தட்டிலிருந்த கத்தியை எடுத்தாள். அந்த நேரத்தில் இமைகள் இன்னும் ஈரமாக இருந்தன; ஒருமுறை வழித்தால் போதும். தங்கை கையை நீட்டித் தடுக்கவில்லை. தடுக்கும் உரிமை தன்னிடம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அக்கா படத்தின் கன்னத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் தன் இடது கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். கத்தியைத் துணியால் பிடியிலிருந்து முனை வரை, கருவிகளைத் துடைக்கும் பழக்கத்தில், ஒரே இழுப்பாகத் துடைத்தாள். கொடுக்கும் முறைப்படி, பிடி தங்கையின் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"காலர்ல இருக்கிற ஆஸ்பத்திரி முத்திரை. அதுக்கு எண்ணெய் விட்டிருக்கியா?"

"விட்டிருக்கேன்."

"அப்ப அதைச் சுரண்டு."

முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று தங்கை கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை அக்காவுக்கும் தெரியும். கத்தியை வாங்கி, கழுத்துப் பட்டையின் மேல் குனிந்தாள்.

அக்கா முக்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். இத்தனை வாரங்களில் முதன்முறையாக, கையிலிருந்த ஷூவைத் தரையில் வைத்துவிட்டு, மற்றொரு காலின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.